ஓடக் கற்றுக்கொடுத்தவர் ஓடும்போதே இறந்தது ஏன்? ஜிம் ஃபிக்ஸும் அவர் கண்டுகொள்ளாத அறிகுறிகளும்

1984 ஜூலை 20. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் ஹார்ட்விக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மோட்டலில் அறை எடுத்த 52 வயதுக்காரர், பெட்டியை வைத்துவிட்டு, அரைக்கால் சட்டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஓடக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில், மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் சாலையோரப் புல்வெளியில் ஆள் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். உயிர் இல்லை.

இறந்தவர் சாதாரண ஆள் இல்லை. ஓடுங்கள், இதயம் நன்றாக இருக்கும் என்று லட்சக்கணக்கான அமெரிக்கர்களைத் தெருவுக்கு இழுத்துவந்த ஜிம் ஃபிக்ஸ். மறுநாளே கேலி ஆரம்பித்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்தவரே போய்ட்டார், நாம ஏன் ஓடணும் என்று சோபாவில் சாய்ந்தபடி கேட்டவர்கள் ஏராளம். நாற்பது ஆண்டுகள் ஆகியும் உடற்பயிற்சிக்கு எதிராக வாதாடுபவர்கள் கையில் எடுக்கும் முதல் பெயர் அவருடையதுதான். ஆனால் ஃபிக்ஸின் வாழ்க்கையை முழுசாகப் பார்த்தால், அவர்கள் சொல்கிற கதை அதில் இல்லை.

அப்பாவின் வயது

ஜேம்ஸ் ஃபிக்ஸ் 1932 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா கால்வின் ஃபிக்ஸ், 'டைம்' பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். அவருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது வயது 35. அதிலிருந்து பிழைத்தார். அடுத்த மாரடைப்பில் 43 வயதில் போய்விட்டார். ஜிம் அப்போது பதின்பருவத்துப் பையன்.

இதயநோய் நிபுணர் ஒருவரின் மேஜையில் இந்த ஒரு தகவலை வைத்தால் போதும், அவர் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அதைக் குடும்ப வழி ஆபத்து என்று மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. 35 என்பது அதிலும் மிகச் சின்ன வயது.

ஜிம்மும் பத்திரிகைத் தொழிலுக்கே போனார். 1957-ல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம். பிறகு 'சாட்டர்டே ரிவ்யூ', 'லைஃப்', 'மெக்கால்ஸ்' என்று பெரிய பத்திரிகைகளில் ஆசிரியர் வேலை. மூளைக்கு வேலை கொடுக்கும் புதிர்ப் புத்தகங்களும் எழுதினார். நாள் முழுக்க நாற்காலி, தலைக்கு மேல் கெடு, மதியம் கனமான விருந்துச் சாப்பாடு, விரலிடுக்கில் சிகரெட். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். எடை 97 கிலோவைத் தொட்டிருந்தது.

1967-ல் அவருக்கு 35 வயது. அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்த அதே வயது. அந்த ஆண்டில்தான் அவர் ஓட ஆரம்பித்தார். அப்பாவை நினைத்துப் பயந்து ஓடினார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். காரணம் அதைவிடச் சாதாரணமானது. டென்னிஸ் ஆடும்போது கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. காலைத் தேற்றுவதற்காக மெதுவாக ஓடிப் பார்த்தார். அதன் ருசி ஒட்டிக்கொண்டது.

ஆரம்பம் பரிதாபம்தான். முதன்முதலாகக் கலந்துகொண்ட பந்தயத்தில் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். விடவில்லை. சிகரெட்டை நிறுத்தினார். 27 கிலோ போல எடை குறைந்தது. பாஸ்டன் மாரத்தான் உட்பட 42 கி.மீ. ஓட்டங்களை ஓடி முடிக்கிற அளவுக்கு ஆளே மாறிப்போனார். பின்னாளில் நாளொன்றுக்குச் சுமார் 16 கி.மீ. ஓடுவது வாடிக்கை ஆனது.

ஒரு ஜோடி கால்கள்

ஃபிக்ஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் பெரியவர்கள் தெருவில் ஓடுவது வேடிக்கையான காட்சி. 1970-ல் நியூயார்க் மாரத்தான் முதன்முதலாக நடந்தபோது ஓட வந்தவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55 பேர். காற்று மெல்ல மாறிக்கொண்டிருந்தது. டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றார்.

1977-ல் வந்தது ஃபிக்ஸின் 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங்'. சிவப்பு அட்டை, அதில் ஓடுகிற ஒரு ஜோடி கால்கள். அவருடைய சொந்தக் கால்களேதான். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எப்படி ஷூ வாங்குவது, மழையில் ஓடலாமா, நாய் துரத்தினால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி எழுதியிருந்தார். முன்னாள் குண்டர், முன்னாள் சிகரெட்காரர் எழுதியது என்பதுதான் அதன் பலம். ஒலிம்பிக் வீரர் எழுதியிருந்தால் இத்தனை பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

தொலைக்காட்சி, விளம்பரம், மேடை என்று புகழ் வந்தது. 1980-ல் ஓட்டம் பற்றிய இரண்டாவது புத்தகமும் வந்தது. சொந்த வாழ்க்கை அவ்வளவு சீராக இல்லை. இரண்டு திருமணங்களும் விவாகரத்தில் முடிந்தன.

அந்தக் காலத்தில் ஓட்டக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. மாரத்தானை ஓடி முடிக்கத் தெம்பு இருக்கிறவருக்கு மாரடைப்பில் சாவு வராது என்பது அது. இதைக் கிளப்பிவிட்டவர் தாமஸ் பாஸ்லர் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர். கேட்க இனிப்பாக இருந்ததால் வேகமாகப் பரவியது. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும், இதய ரத்தக்குழாய் அடைப்பு இருந்த மாரத்தான் ஓட்டக்காரர்களின் பிரேதப் பரிசோதனை விவரங்களை 1979-ல் வெளியிட்டு அதை உடைத்தார்கள். உண்மை வந்துவிட்டது. ஆனால் ஓடுபவர்களின் மனதுக்குள் பழைய நம்பிக்கையே குடியிருந்தது.

டிரெட்மில்லில் ஏறாத நாள்

1983 டிசம்பரில் ஃபிக்ஸ் டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரில் உள்ள கூப்பரின் ஏரோபிக்ஸ் மையத்துக்குப் போயிருந்தார். வந்ததுதான் வந்தீர்கள், டிரெட்மில்லில் ஏறி ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு போங்களேன் என்று கூப்பர் அழைத்தார். ஃபிக்ஸ் மறுத்துவிட்டார். தினமும் 16 கி.மீ. ஓடுகிறவனுக்கு டிரெட்மில்லில் பத்து நிமிஷம் எதற்கு என்று தோன்றியிருக்கலாம். அந்த நினைப்புதான் ஆபத்தானது, கெட்டிக்காரர்களுக்கும் வருவது.

இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது? இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களில் கொழுப்புப் படிந்து பாதி அடைத்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. இருக்கிற வழியில் போகிற ரத்தம் போதும். சாதாரண ஈசிஜி கூட நார்மல் என்று வரலாம். மாடிப்படி ஏறும்போது, வண்டியைத் தள்ளும்போது, ஓடும்போது இதயத் தசைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். மற்ற தசைகள் ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சிச் சமாளித்துக்கொள்ளும். இதயத்துக்கு அந்த வசதி கிடையாது. ஓய்விலேயே அது கிடைப்பதில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. அதிக ரத்தம் வந்தால்தான் உண்டு. குழாய் சுருங்கியிருந்தால் அங்கே தட்டுப்பாடு வருகிறது. அந்தத் தட்டுப்பாட்டைக் கண் எதிரே, மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போது வரவழைத்துப் பார்ப்பதுதான் டிரெட்மில் டெஸ்ட். சாலையோரத்தில் தனியாக இருக்கும்போது வருவதைவிட அங்கே வருவது எவ்வளவோ மேல்.

அந்தத் தட்டுப்பாடு ஃபிக்ஸுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஓடும்போது தொண்டையில் ஒரு மாதிரி இறுக்கம் வருவதாக நெருங்கியவர்களிடம் சொல்லியிருந்தார். அதற்காக மருத்துவரிடம் போகவில்லை.

தொண்டைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். மாரடைப்பு என்றதும் சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிற காட்சிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நிஜத்தில் பலருக்கு அப்படி வருவதில்லை. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும் தாடை, தொண்டை, தோள், கை, மேல்வயிறு ஆகிய இடங்களிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்திலும் மூளையிலும் ஏறக்குறைய ஒரே பாதையில் போய்ச் சேர்கின்றன. எங்கிருந்து சத்தம் வருகிறது என்று மூளை குழம்பிப்போகிறது. அதனால் கோளாறு இதயத்தில் இருக்க, தொண்டையை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கும், கீழ்த்தாடை கடுக்கும், இடது கை கனக்கும், மேல்வயிறு எரியும்.

பலர் இதை வலி என்றே சொல்ல மாட்டார்கள். அழுத்தம், பாரம், இறுக்கம், ஒரு மாதிரியா இருக்கு என்பார்கள். வலி இல்லையே என்று அவர்களும் விட்டுவிடுவார்கள், வீட்டாரும் விட்டுவிடுவார்கள். மேல்வயிற்றில் வந்தால் கேட்கவே வேண்டாம். வாயு பிடிச்சிருக்கு என்று சோடாவும் பெருங்காயமும் தேடுவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தபோது, முதலில் வெளியான அறிவிப்பு அஜீரணக் கோளாறு என்றுதான் இருந்தது.

சரி, சாதாரணத் தொண்டைக் கரகரப்பையும் இதயத்தின் எச்சரிக்கையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இடத்தைவிட நேரத்தைக் கவனிக்க வேண்டும். உழைக்கும்போது வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கி, மறுபடி உழைத்தால் மறுபடி வருகிறதா? அப்படியென்றால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முந்தைய மாதம் இரண்டு மாடி ஏறினால் வந்தது இப்போது ஒரு மாடியிலேயே வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது என்றால் நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். ஓய்வெடுத்தும் அடங்காத அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்றல் சேர்ந்து வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்துபோவதுண்டு. பெண்களுக்கு மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத அசதி, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி என்று வருவது ஆண்களைவிட அதிகம். வழக்கமாகச் செய்கிற வேலைக்கே திடீரென மூச்சு வாங்கினால், வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. அசௌகரியத்தைத் தாங்கிப் பழகியவர்கள் அவர்கள். கால் வலித்தாலும் ஓடு, மூச்சு முட்டினாலும் ஓடு என்பதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். கெண்டைக்கால் வலிக்கு அந்தப் பாடம் சரி. இதயத்துக்கு அது வேலைக்காகாது. மேலும் ஆரம்பத்தில் வருகிற இறுக்கம் சிலருக்கு ஓட ஓடக் குறைந்தும் போகும். அதைப் பார்த்து, உடம்பு சூடேறியதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிரேதப் பரிசோதனை சொன்னது

ஃபிக்ஸின் உடலை வெர்மான்ட் மாநிலத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் ஆய்வு செய்தார். மூன்று கரோனரி குழாய்களிலும் அடைப்பு. ஒன்றில் 95 சதவீதம், இன்னொன்றில் 85, மூன்றாவதில் 70. அதோடு, முன்பே மாரடைப்புகள் வந்துபோனதற்கான தழும்புகளும் இதயத் தசையில் இருந்தன. அவை வந்தபோதும் அவர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஓட்டமா கொன்றது? கூப்பர் இந்தக் கேள்வியை விடாமல் துருவினார். ஃபிக்ஸின் வாழ்க்கை, மருத்துவ விவரங்கள், பிரேதப் பரிசோதனை எல்லாவற்றையும் திரட்டி 1985-ல் 'ரன்னிங் வித்அவுட் ஃபியர்' என்ற புத்தகமாகவே எழுதினார். அப்பா வழி வந்த ஆபத்து, பல ஆண்டுகள் புகைத்தது, பருமனாக இருந்தது, மன அழுத்தம் என்று அதில் வரிசையாகக் காரணங்கள் வருகின்றன. சிகரெட்டை விட்டால் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே குழாய்ச் சுவரில் படிந்துவிட்டது துடைத்த மாதிரி போய்விடுவதில்லை. 35 வயதுவரை சேர்ந்த கணக்கை 17 வருட ஓட்டம் முழுசாக அடைக்கவில்லை.

அப்பா 43-ல் போனார், மகன் 52 வரை இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளும் ஓட்டம் கொடுத்தவை என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து அதை நிரூபிக்க முடியாது. ஓட்டம்தான் கொன்றது என்பதையும் அதேபோல நிரூபிக்க முடியாது.

ஒருவரை விட்டுவிட்டுப் பலரைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அது ஃபிக்ஸ் இறந்த சில வாரங்களிலேயே கிடைத்தது. 1984 அக்டோபரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் டேவிட் சிஸ்கோவிக் குழுவினரின் ஆய்வு வெளியானது. கடுமையான உடற்பயிற்சி செய்யும் அந்த நேரத்தில் திடீர் மாரடைப்புச் சாவுக்கான ஆபத்து ஏறத்தான் செய்கிறது. ஆனால் மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், வழக்கமாக நன்றாகப் பயிற்சி செய்யும் ஆண்களின் ஆபத்து, அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களின் ஆபத்தில் சுமார் 40 சதவீதம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கேலி பேசியவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்லரை நம்பியவர்கள் இரண்டாம் பாதியை மட்டும்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, பால் தாம்சன் குழுவினர் ரோட் ஐலேண்ட் மாநிலத்தில் எடுத்த கணக்கு வெளிவந்திருந்தது. மெதுவோட்டம் ஓடும் ஆண்கள் 7,620 பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் ஓடும்போது இறந்திருந்தார். இதய நோய் இருப்பது முன்பே தெரிந்தவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

யார் டெஸ்ட் எடுக்க வேண்டும்?

நாளைக்குக் காலையில் நடக்கப் போகிற எல்லாரும் முதலில் டிரெட்மில்லில் ஏற வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகலாம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தாலே குறைந்தபட்சக் கணக்கு முடிந்துவிடும். மாரத்தான் வரை போகத் தேவையே இல்லை.

ஃபிக்ஸ் மாதிரி ஆட்களின் விஷயம் வேறு. சின்ன வயதிலேயே மாரடைப்பு கண்ட குடும்பம், பல வருட சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இவற்றில் ஏதாவது இருந்து, கூடவே ஓட்டம், ஜிம் என்று கடுமையான பயிற்சிக்குப் போக நினைத்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே சரி. உழைக்கும்போது இறுக்கம் வருகிறவர் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் பிறகு புதிதாக அறிகுறி வந்தால் திரும்பப் போக வேண்டும், ஏனென்றால் டிரெட்மில் எல்லா அடைப்பையும் காட்டிக்கொடுப்பதில்லை.

தனியாக ஓடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் கிடைக்காத இதயத் தசையில் மின்துடிப்பு தாறுமாறானால் இதயம் சில நொடிகளில் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். அந்த நிலையில் டிஃபிப்ரிலேட்டர் கருவியால் மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பக்கத்தில் யாராவது இருந்து, உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்திக்கொண்டிருந்தால் நேரம் கிடைக்கும். ஹார்ட்விக் சாலையில் ஃபிக்ஸின் பக்கத்தில் யாரும் இல்லை.

அவருடைய சாவுக்குப் பிறகு ஓட்டப் பைத்தியம் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 127 பேரோடு தொடங்கிய நியூயார்க் மாரத்தானில் இப்போது ஐம்பதாயிரம் பேர் ஓடுகிறார்கள். ஹார்ட்விக் ஊர்ப் பூங்காவில் ஃபிக்ஸுக்கு ஒரு கருங்கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைத் தந்தவர்கள் அமெரிக்கர்கள் இல்லை. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தைச் சேர்ந்த ஓட்டக்காரர்கள்.